பாதரசத்தில் மிதந்த கண்ணாடி

முருகன் துணை

கரும்பாறைத் தீவு,
12 அக்டோபர் 1934

அன்புள்ள அக்கா சாரதாமணிக்கும் மாமாவுக்கும் தம்பி தண்டாயுதபாணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். நீங்கள் இருவரும், கமலவேணியும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

சேலத்தில் ரயில் ஏறிய மறுநாள் கள்ளிக்கோட்டை. அங்கிருந்து கரையோரமாய் ஒரு நாள், பிறகு பாய்மரப் படகில் இரண்டு நாள். தீவு என்று பெரிதாக எண்ணிவிடாதீர்கள். சூரமங்கலம் ஸ்டேஷன் பிளாட்பாரம் இரண்டைச் சேர்த்து வைத்தால் அவ்வளவுதான். மரம் கிடையாது. பாறை, கலங்கரை விளக்கக் கோபுரம், இரண்டு அறை, மழைத்தண்ணீர்த் தொட்டி.

இங்கே ஆள் நாங்கள் இருவர்தான். பெரியவர் பெயர் சின்னுசாமி, நம் பரமத்தி வேலூர்க்காரர். ஜெர்மன் சண்டையில் கூலிப்படையோடு பஸ்ரா போய் வந்தவர். மனைவி மாரியாயி ஊரில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறாராம். இவர் இங்கே வந்து ஆறு வருஷம். “நம்மூர்ப் பேச்சுக் கேட்டு எத்தன நாளாச்சு சாமி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியது. சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பஜாரில் கடிகாரம் ரிப்பேர் செய்தவன் என்பதால்தான் என்னை எடுத்திருக்கிறார்கள் என்பது இங்கே வந்த பிறகு புரிந்தது. விளக்கைச் சுற்றி, வெளிச்சத்தைக் கடலில் தூரமாய் வீசும் கண்ணாடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதைச் சுழற்றுவது ஒரு பெரிய கடிகார இயந்திரம். ஒரு வருஷம் முடிந்தால் குடும்பத்தை வைத்துக்கொள்ள உத்தரவு உண்டாம். அடுத்த செப்டம்பரில் கமலவேணியையும் பாப்பாவையும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு படகு வரும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கடல் கொந்தளிப்பதால் படகே கிடையாது.

தங்கள் அன்புத் தம்பி,
தண்டாயுதபாணி


சூரமங்கலம்,
9 நவம்பர் 1934

சிரஞ்சீவி தண்டாயுதபாணிக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பாப்பாவுக்கு இருமல் போய்விட்டது, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மாமாவுக்குப் பார்சல் ஆபீசில் வேலை அதிகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை என் நாலாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். அந்தக் கண்ணாடியை யார் செய்தார்கள், அவ்வளவு பெரியதை உடையாமல் எப்படித் தீவுக்குக் கொண்டு போனார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. விசாரித்து எழுது. செப்டம்பர் வருவதற்குள் கமலவேணி இரண்டு பெட்டி கட்டிவிடுவாள் போலிருக்கிறது.

அன்புடன்,
சாரதாமணி


கரும்பாறைத் தீவு,
6 ஜனவரி 1935

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். லேசாகத் தலைவலி உண்டு, கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலும். அங்கே அனைவர் நலத்தையும் எழுதுங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஒரு தகரப் பெட்டியில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண்ணாடி பாரிஸ் பட்டணத்தில் செய்தது. 1886இல் முப்பத்திரண்டு மரப்பெட்டிகளில் வைக்கோல் திணித்துக் கப்பலில் வந்தது. கரைக்குக் கொண்டுவரும்போது ஒரு பெட்டி அலையில் விழுந்துவிட்டது. மூன்று நாள் முக்குளித்து எடுத்தார்கள். அதில் இருந்த ஒரு பட்டைக் கண்ணாடியின் மூலை சில்லு பெயர்ந்திருக்கிறது, இன்றும் தடவினால் விரலுக்குத் தெரியும்.

முதல் இருபத்தைந்து வருஷம் அது இரும்புச் சக்கரங்கள்மேல் உருண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு நாலு நிமிஷம் ஆகுமாம். அப்போது இருந்த ஒருவர் பதினான்கு வருஷம் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு போனார். 1911இல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வட்டமான இரும்புத் தொட்டியில் பாதரசம் ஊற்றிக் கண்ணாடியை அதன்மேல் மிதக்கவிட்டார்கள். மூன்று டன் எடை அக்கா. என் சுண்டுவிரலால் தள்ளினால் சுற்றுகிறது! மாதம் ஒருமுறை பாதரசத்தை எடுத்து மல் துணியில் ஊற்றிப் பிழிந்து அழுக்கெடுப்பது என் வேலை. கைநிறைய அள்ளினால் வெள்ளி உருண்டைகளாய் நழுவி ஓடும். சுடர் ஆடக்கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தியே வைக்கிறோம். அறை அடுப்பங்கரைபோல வேகிறது.

இனி எழுதுவதைப் பிள்ளைகளிடம் படிக்காதீர்கள். 1913இல் ஒருவர் மேலே ஏறியவர் இறங்க மாட்டேன் என்றிருக்கிறார். 1917இல் ஒருவரைக் கட்டித் தூக்கிப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். 1924இல் ஒருவர் கடலில் இறங்கி நடந்தே போய்விட்டார். ‘புத்தி பேதலித்தது’ என்று மூன்று இடத்திலும் ஒரே வார்த்தை. சின்னுசாமி அண்ணனிடம் கேட்டேன். பதிவேட்டைப் பிடுங்கி மூடிவிட்டு, “அந்தக் கண்ணாடி ஆளைப் பாக்குது சாமி. நாம அதைத் தொடைக்கறம்னு நெனச்சுட்டு இருக்கறம். அதுதான் நம்மளத் தொடைக்குது” என்றார்.

பகலிலும் படியேறும்போது பின்னால் யாரோ வருவதுபோல் இருக்கிறது.

தங்கள் தம்பி,
தண்டாயுதபாணி


சூரமங்கலம்,
2 பிப்ரவரி 1935

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே யாருக்கும் நோய் நொடி இல்லை. உன் தலைவலிக்குச் சுக்குப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், இழைத்துப் போட்டுக்கொள்.

பாரிஸ் கதை பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. மற்றதைக் கமலவேணியிடமும் படிக்கவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பல வருஷம் கிடந்தால் எவனுக்கும் மனசு கெடும். நீ பதிவேடு படிப்பதை நிறுத்து. அவரிடம் ஊர்ப் பேச்சுப் பேசிக்கொண்டிரு. பயம் வந்தால் கந்தர் சஷ்டி கவசம் சொல்.

அன்புடன்,
சாரதாமணி


கரும்பாறைத் தீவு,
14 ஏப்ரல் 1935

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலமா?

அக்கா, எனக்குச் சின்னுசாமி அண்ணனைக் கண்டு பயமாக இருக்கிறது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சிந்திவிடுகிறது. நான் பார்த்தால் தட்டை வீசுகிறார். ஈறில் ரத்தம் வடிகிறது. படகு வந்தால் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குழந்தைபோல அழுகிறார், மனிதர் முகம் பார்க்கக் கூசுகிறதாம். போன வாரம் கண்ணாடி துடைத்துக்கொண்டு இருந்தேன். சத்தமே இல்லாமல் வந்து பின்னால் நின்றார். கையில் ஸ்பானர் இருந்தது. “நீ என்னப் பத்தி ஊருக்கு எழுதறயாமா?” என்றார். இல்லை என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் அவரே வந்து என் காலைத் தொட்டு, என்ன செய்தேன் என்று தெரியவில்லை தம்பி, என்னை எங்கள் ஊருக்கு அனுப்பிவிடு என்று கெஞ்சினார்.

மழைக்கு முன் கடைசிப் படகு மே மாதக் கடைசியில். அதற்குப் பிறகு மூன்று மாதம் நானும் அவரும்தான். என்ன செய்யட்டும்?

தம்பி,
தண்டாயுதபாணி


சூரமங்கலம்,
3 மே 1935

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிப் படகில் சின்னுசாமியை ஏற்றி அனுப்பிவிடு. அவரே போகிறேன் என்கிறபோது உனக்கு என்ன தயக்கம்? துறைமுகத்துக்கு மாமாவும் எழுதிப் போட்டிருக்கிறார். மாற்றாள் உடனே வராவிட்டால் மழைக்காலம் முழுக்க நீ ஒருவனே பார்த்துக்கொள்ள வேண்டிவரும். கஷ்டம்தான். ஆனால் அவரோடு அடைபட்டுக் கிடப்பதைவிட அது மேல். உன்னால் முடியும்.

அன்புடன்,
சாரதாமணி


கரும்பாறைத் தீவு,
26 மே 1935

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

படகு கிளம்பப்போகிறது, அவசரமாக எழுதுகிறேன். மாற்றாள் வரவில்லை. சின்னுசாமி அண்ணனுக்கு இப்போது தேவலை. போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். படகுக்காரர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். காற்று பலமாக அடிக்கிறது, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். இனிமேல் செப்டம்பரில்தான் கடிதம்.

எழுத்துக் கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மேஜை ஆடுகிறது.

தண்டாயுதபாணி


சூரமங்கலம்,
18 ஜூலை 1935

என் தம்பிக்கு ஆசீர்வாதம். படகு இல்லை என்று தெரியும். இது துறைமுகத்தில் கிடந்து முதல் படகில் வரட்டும். இதே விஷயத்தை மூன்று கடிதமாக எழுதிப் போடுகிறேன், ஒன்று தவறினாலும் ஒன்று கிடைக்கும்.

பாப்பாவுக்குக் கொலுசு வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். பட்டறைக்குப் பின்கட்டில் ஒரு பத்தர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கை நடுங்கியது. என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என்ன நோய் என்று கேட்டேன். கோயில் கவசங்களுக்குத் தங்க முலாம் பூசுகிறவராம். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டுவார்களாம். “ரசப்பொகைங்க. கை நடுங்கும், ஈறு கரையும், ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்குவாரு. திடீர்னு கோவம் வரும், அப்பறம் அழுவாரு. எங்க மாமனாரும் இப்படித்தான் போனாருங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களைத் தரையில் பரப்பினேன். சக்கரத்தில் உருண்ட இருபத்தைந்து வருஷத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. 1911இல் பாதரசம் வந்தது. 1913இல் முதல் ஆள். பேயும் இல்லை, கண்ணாடியின் கண்ணும் இல்லை, தம்பி. விளக்கின் சூட்டில் அந்த ரசம் மூச்சோடு உள்ளே போகிறது. ரயில்வே டாக்டரும் இருக்கலாம் என்கிறார்.

இனி அதைக் கையால் தொடாதே. ஜன்னல்களைத் திற. சுடர் ஆடினால் ஆடட்டும். வேலை இல்லாதபோது மேலே நிற்காதே. சின்னுசாமியிடமும் சொல், அவர் கெட்டவர் அல்ல. கமலவேணியும் பாப்பாவும் அங்கே வரமாட்டார்கள். நீ இங்கே வந்துவிடு.

ஆடியில் நம் வீட்டுக் கூரையே காற்றில் அலறுகிறது. அங்கே எப்படியோ என்று உன் பேரைச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


தீவு,
4 செப்டம்பர்

சாரதாமணிக்கு,

படகு வந்திருக்கிறது. உன் மூன்று கடிதம் வந்தது. பிரிக்கவில்லை. ஒட்டியிருப்பது உன் கை இல்லை. யாரோ படித்துவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒரே ஆள் எதற்கு மூன்று கடிதம் எழுதுகிறான்?

சின்னுசாமி ஜூலை ஒன்பதாம் தேதி பாறையில் வழுக்கிக் கடலில் விழுந்துவிட்டான். ஆபீசுக்கும் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். யார் கேட்டாலும் இப்படித்தான்.

அரிசியில் என்னமோ கலந்திருக்கிறார்கள், வாயெல்லாம் செம்பாய்க் கசக்கிறது. படகுக்காரர்கள் என் கையைப் பார்க்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பேசுகிறேன். கமலவேணியை நீதான் பிடித்து வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அடுத்த படகில் அவளும் குழந்தையும் வர வேண்டும். வராவிட்டால் விளக்கை அணைத்துவிடுவேன். கப்பல் வந்து மோதட்டும்.

நீ வராதே. உன் முகத்தைப் பார்க்க முடியாது.


துறைமுகம்,
23 செப்டம்பர் 1935

சௌபாக்கியவதி கமலவேணிக்கு அண்ணி ஆசீர்வாதம். நீயும் பாப்பாவும் தைரியமாக இருங்கள். தம்பி எங்களோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மற்றதைப் படி.

அந்தக் கடைசிக் கடிதத்தை உனக்கு நான் காட்டவில்லை. என்னை ஒரு நாளும் நீ என்று சொல்லாதவன் அப்படி எழுதியிருந்தான். கேட்டவுடன் என் வீட்டுக்காரரும் பார்சல் ஆபீசில் லீவு போட்டுவிட்டார். துறைமுக அதிகாரி பாதரசக் கதையைக் கேட்டுச் சிரித்தார். ஆனாலும் இரண்டு மாற்றாட்களை ஏற்றிய படகில் எங்களையும் ஏறச் சொன்னார்.

தீவில் இறங்கியபோது உச்சி வெயில். அந்த வெயிலிலும் கோபுரத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு உள்ளே பூட்டியிருந்தது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போய்த் தட்டினேன்.

“தம்பி, அக்கா வந்திருக்கறன்.”

“அக்கா செத்துப் போயிட்டா. நீ யாரு?”

கமலவேணி, அந்தக் குரலை என்னால் எழுத முடியாது. அவனுடைய குரல்தான், ஆனால் அதில் அவன் இல்லை. கடப்பாரை எடுத்துவரட்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உடைத்தால் மேலே ஓடிக் குதித்துவிடுவான் என்று பயந்தேன். வாசற்படியில் உட்கார்ந்தேன். பேசிப் பார்த்தேன். கதவுக்கு அந்தப்பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வெயிலிலும் கடல் மயக்கத்திலும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் நடிக்கவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. “சாமி, எனக்கு மேலு சரியில்லை. ஒரு வாய் தண்ணி குடு” என்றேன்.

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. லோட்டாவோடு நின்றான். எலும்பும் தாடியுமாக இருந்தான். அவன் கை உதறிய உதறலில் என் கைக்கு வருவதற்குள் லோட்டா காலியாகிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். “என்னால ஒரு வாய் தண்ணி குடுக்க முடியலையே அக்கா” என்று அழுதான். அப்போதுதான் நான் யார் என்று அவனுக்குத் தெரிந்தது.

மேலே போய்ப் பார்த்தேன். என் மூன்று கடிதங்களும் பிரிக்காமல் தொட்டியில் பாதரசத்தின்மேல் மிதந்துகொண்டிருந்தன. ஜன்னல்களை நானே திறந்துவிட்டு, வந்த இருவரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார்கள், நம்பினார்களா என்று தெரியாது. சின்னுசாமியின் அறையையும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஞாயிறு மெயிலில் வருகிறோம். அவனைக் கண்டதும் அழாதே. அவனுக்கு மோர் கரைத்து வை.

அண்ணி


ராசிபுரம்,
4 மே 1936

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். இங்கே மாமியார் வீட்டில் கமலவேணியும் பாப்பாவும் சுகம், மாமியாருக்கு மட்டும் முழங்கால் வலி. எனக்கு ஈறு ஆறிவிட்டது, தூக்கம் வருகிறது. கை இன்னும் நிற்கவில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன்.

சின்னுசாமி அண்ணனின் அறைக் கதவை நீங்கள் பார்த்தீர்கள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள், உட்பக்கம் நகம் கீறிய பலகை. பார்த்தீர்கள், இந்த ஏழு மாதத்தில் ஒரு தரமும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

மே 26 அன்று அவர் விடியும்போதே மூட்டை கட்டிவிட்டார். ஊட்டுக்குப் போறேன் தம்பி என்று சிரித்தார். படகில் மாற்றாள் இல்லை என்று கண்டேன். மூன்று மாதம் தன்னந்தனியாக அந்தக் கண்ணாடியோடு. அவரைக் கண்டு பயந்தவன்தான் நான், அவர் இல்லாத தீவை நினைத்ததும் அதைவிடப் பயந்துவிட்டேன். சட்டை எடுக்க உள்ளே போனார். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வரவில்லை என்கிறார் என்று படகில் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. உங்களுக்குக் கடிதம் எழுதியது அப்போதுதான், அந்தக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து.

படகு மறைந்த பிறகு திறந்தேன். அவர் அடிக்கவில்லை. அதன்பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாறைமேல் நடந்தார். நான் மேலே இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவர் வழுக்கவில்லை, அக்கா.

போன வியாழக்கிழமை கமலவேணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பரமத்தி வேலூருக்குப் போனேன். மாரியாயி கொடிக்காலில் இருந்தார். வெற்றிலை கிள்ளிக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார். பாதரசத்தைச் சொன்னேன். தாழ்ப்பாளையும் சொன்னேன். அப்போதுதான் வெற்றிலை கிள்ளிய அவர் கை நின்றது.

“அவரு கத்துனாருங்களா?”

“கத்துனாருங்க.”

“என்னன்னு?”

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. முடியவில்லை. “உங்க பேரச் சொல்லித்தானுங்க” என்றேன்.

அவர் எழுந்து கொடிகளுக்குள் போய்விட்டார். வரப்பில் உட்கார்ந்திருந்தேன். திட்டுவார், ஆட்களைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். வெயில் சாய்ந்த பிறகு வந்தார். முகம் கழுவியிருந்தார். என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

“அந்த வெளக்க இப்ப யாரு பாக்கறாங்க?”

இரண்டு பேர் என்றேன். ஒருவருக்கு வீட்டில் சின்னக் குழந்தைகள் என்றேன்.

“அவிகளுக்குச் சொல்லீட்டீங்களா?”

என் அக்கா தீவுக்குப் போனபோது அவர்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்னார், ஆபீசுக்கு எழுதியதற்குப் பதில் இல்லை என்றேன்.

“எங்கிட்ட வந்து அழுது என்ன ஆவப்போவுது? மொதல்ல அதை எழுதுங்க. பஸ்ஸு போயிரும், கெளம்புங்க” என்று சொல்லிவிட்டுக் குனிந்து கூடையைத் தூக்கிக்கொண்டார்.

கூட இருக்கும் தாளில் அந்த இருவருக்கும் எழுதியிருக்கிறேன். 1886இலிருந்து பதிவேட்டில் கண்டது, உங்களிடம் அந்தப் பத்தர் மனைவி சொன்னது, சின்னுசாமி அண்ணனுக்கு நடந்தது, நான் செய்தது, ஒன்றையும் விடவில்லை. கடைசிப் படகில் யார் ஏற நினைத்தாலும் மற்றவர் தடுக்கக் கூடாது என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறேன். ஆனால் என் எழுத்தை என்னாலேயே படிக்க முடியவில்லை. உங்கள் கையால் தெளிவாகப் பிரதி எடுத்து, கீழே என் பெயரைப் போட்டு, இன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுங்கள். மழைக்கு முன் இன்னும் ஒரு படகுதான் இருக்கிறது.

தங்கள் தம்பி,
தண்டாயுதபாணி